ரேகை விழாத விரலோடு ஒமான் எல்லை தாண்டியது

எழுதிப் பழகாத கை இது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. வயதும் ஆகிவிட்டதால் முன்னதைப் பின்னால் சொல்வேன், சிலதை மறந்தும் போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு இருக்க வளைகுடாவுக்கு வந்து, பக்கத்து நாட்டைப் பார்த்து வரலாம் என்று கிளம்பும் அம்மாமாருக்கு உதவும் என்றுதான் எழுதத் துணிந்தேன்.

ஒமான் எல்லையை ஒட்டி, ராஸ் அல் கைமாவின் வடக்குக் கோடியில் இருக்கிறோம். மகள் ஜெசி நர்ஸ், மருமகன் சேவியர் சிமெண்ட் ஆலையில் டெக்னீஷியன். ஒரு நாள் மொட்டை மாடியில் துணி விரித்துக்கொண்டிருந்தபோது போன் சத்தம் போட்டது. ஜெசி வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். "ஒமானுக்கு நல்வரவுன்னு வந்திருக்கும்மா. மலைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடிச்சிருக்கு." நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை, கையில் ஈரத் துண்டு, போன் மட்டும் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த மலைக்கு முதுகைக் காட்டித்தான் துணி விரிப்பேன். கடலில் எல்லை தெரியாமல் மீன்பிடிக்கப் போன எங்கள் ஊர் வள்ளத்துக்காரரை அடுத்த நாட்டார் பிடித்து வைத்துக்கொள்ள, அவர்கள் வீட்டுப் பெண்கள் கோயில் முற்றத்தில் அழுது கிடந்ததைப் பார்த்தவள் நான். எல்லை என்றாலே எனக்கு அதுதான் நினைவு.

லீவு கிடைத்ததும் மகளும் மருமகனும் ஒமான் பக்கமுள்ள கசாபுக்குப் போகலாம் என்றார்கள். போட்டில் போய் ஓங்கில் மீன், அதுதான் டால்பின், பார்க்கலாமாம். அம்மாமாரே, பாஸ்போர்ட் காலாவதிக்கு இன்னும் பல மாதம் இருக்க வேண்டும். இங்குள்ள விசா அட்டை கையில் வேண்டும். காருக்கு அந்த நாட்டிலும் செல்லும் இன்சூரன்ஸ் வேண்டும். வெளியேறக் கட்டணம் உண்டு. மசாலாப் பொடியில் கசகசா சேர்த்துக் கொண்டுபோகாதீர்கள், இங்கே அது போதைப்பொருளில் சேர்த்தி. நான் என் பொடி டப்பாவையே வீட்டில் வைத்துவிட்டேன். ஏறும்போது ஜெசி சொன்னாள்: "உன் விசா அம்மா விசா, வேலை விசா இல்ல. யாராவது வேலை செய்யுதியான்னு கேட்டா இல்லன்னு சொல்லணும், கேட்டியா?" சேவியர் கார்க் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மாமி மீன் கறி வைக்கதும் வேலைதான். சொல்லிராதீங்க, அங்கயே இறக்கி விட்டுருவாங்க" என்றார். "சும்மா கெடயுங்க, அம்மா நெசமாவே பயப்படும்" என்று ஜெசி அதட்டினாள். நான் ஏற்கெனவே பயந்துதான் இருந்தேன்.

போகும்போது ஒன்றுமில்லை. மலையைக் குடைந்து கடலோரமாக ரோடு. ஓங்கில்கள் போட்டுக்குக் கூடவே துள்ளி வந்தன. அவற்றுக்கு முத்திரை குத்துவார் யாருமில்லை.

திரும்பும்போதுதான் மாட்டிக்கொண்டேன். ஒமான்காரர் வெளியேறும் முத்திரை குத்திவிட்டார்கள். இந்தப் பக்கக் கவுண்டரில் ஜெசியும் சேவியரும் கடந்துபோய் வாசலருகே நின்றார்கள். என் முறை. அதிகாரி இளவயதுக்காரர், வெள்ளை உடை. மெஷினில் விரலை வைக்கச் சொன்னார். வைத்தேன். சிவப்பு விளக்கு. வேறு விரல், அதற்கும் சிவப்பு. ஈரத் தாளால் துடைத்து அவரே பிடித்து அழுத்தினார். சிவப்பு. பின்னால் வரிசையில் முணுமுணுப்பு. என் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, க்யா காம்?" என்றார். இங்கே வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அம்மா என்று அர்த்தம். வேலை என்ன என்று கேட்கிறார்! "காம் நஹி. நோ வொர்க். அம்மா விசா" என்றேன், ஜெசி சொன்னதுபோல. அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஏதோ கேட்டார். அதில் இந்தியா என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. ஊருக்கே அனுப்பப் போகிறார்கள். அந்த நாடு என்னை வெளியே விட்டாயிற்று, இந்த நாடு உள்ளே எடுக்கவில்லை. இனி மகளைப் பார்ப்பேனா? கவுண்டரைப் பிடித்துக்கொண்டு "நோ வொர்க், நோ வொர்க்" என்று அழுதேன்.

வாசலில் நின்ற ஜெசிக்கு விளங்கிவிட்டது. "அம்மா! முன்ன ஊர்ல என்ன வேலை செஞ்சேன்னு கேக்காரு. உன் கை ஏன் இப்பிடி இருக்குன்னு கேக்காரு. அண்டி ஆபீஸச் சொல்லு!"

எங்கள் பக்கம் முந்திரி ஆலையை அண்டி ஆபீஸ் என்போம். சிறுமியாக உள்ளே போனவள், ஜெசி நர்ஸ் படித்து முடித்த பிறகுதான் வெளியே வந்தேன். வறுத்த அண்டியைத் தட்டி உடைத்தால் தோட்டிலிருந்து கறுப்பு எண்ணெய் கசியும். சாம்பலைப் பூசிக்கொண்டாலும் தோலை அரித்துவிடும். கறை பிடித்த கையை வீட்டில் எலுமிச்சைத் தோலால் தேய்ப்பேன். ரேகை போகிறது என்று அப்போது யார் நினைத்தார்கள்? ரேஷன் கடை மெஷினில்கூட என் விரல் பதியாது. அங்கே எல்லாரும் தெரிந்தவர்கள், கேள்வி வராது.

அண்டி ஆபீஸை அவருக்கு எந்த மொழியில் சொல்ல? கவுண்டர் மேலேயே ஒரு கையில் கொட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்து, மறு கையால் தட்டி, பிதுக்கி எடுத்துக் காட்டினேன். "காஜு" என்றேன். முந்திரிக்கு இந்தியில் அதுதான் பெயர். அவருக்குப் புரியவில்லை. பருப்பை எடுத்து அவர் பக்கம் நீட்டுவதுபோல் நீட்டி, மறுபடி "காஜு" என்றேன்.

"காஜு?" என்றார். என் கையைப் பார்த்தார். தன் விரலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கேமராவைக் காட்டினார். இந்த நாட்டில் வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் பதிந்த கண்ணை மெஷின் கண்டுபிடித்தது. பச்சை விளக்கு. "கலாஸ், மாமா. யல்லா." முடிந்தது, கிளம்புங்கள் என்கிறார்.

காரில் சேவியர் கேலி ஏதும் செய்யவில்லை. ஜெசி வீடு வரும்வரை என் கையைத் தன் மடியில் வைத்திருந்தாள்.

அம்மாமாரே, உங்கள் விரலும் இப்படியென்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய வேலையை மறைக்க வேண்டாம். என் ரேகை ஊரில் அண்டி ஆபீஸ் சாம்பலில் கிடக்கிறது. இந்த நாட்டிடம் இருப்பது என் கண் மட்டும்.

சட்டங்கள் அடிக்கடி மாறுமாம். நான் எழுதியதில் தப்பிருந்தால், விவரம் தெரிந்த யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். கண்ணில் புரை விழுந்திருக்கிறது, அடுத்த லீவுக்கு ஊருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வரலாம் என்கிறாள் ஜெசி. ஆபரேஷன் செய்த கண்ணை அந்த மெஷினுக்கு அடையாளம் தெரியுமா?