உப்பில் புதைத்த ஹெல்மெட் மிஷின்

தாணுலிங்கத்தின் வீட்டில் நடக்கிற எதுவும் தெருவுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. சோறு வெந்ததா, கேஸ் தீர்ந்ததா, எந்த நாத்தனாருக்கு என்ன கோபம், எல்லாம் நாலு வீடு தள்ளியும் கேட்கும். சண்டைக்காரக் குடும்பம் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சண்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவருக்குக் காது கேட்காது, அதனால் அவர் மனைவி இசக்கிசெல்வி கத்தித்தான் பேசியாக வேண்டும்.

துறைமுகத்துக்குப் பழுதுபார்க்க வந்து நிற்கும் கப்பல்களின் வயிற்றுக்குள் இறங்கித் துருத் தட்டுவதுதான் இளவயதில் அவர் பார்த்த வேலை. நாலு பக்கமும் இரும்பு, நடுவில் சுத்தியல் சத்தம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் சுத்தியல் அடித்துக்கொண்டே இருக்குமாம். கொஞ்சம் கொஞ்சமாக அது ஓய்ந்தது, கூடவே மற்ற சத்தமும் ஓய்ந்துபோனது. வலது காதில் மட்டும் ஏதோ மிச்சம். ஆஸ்பத்திரியில் கொடுத்த காது மிஷின், வீட்டில் போட்டால் தட்டு விழுகிற சத்தத்தை இடியாக்கியது, ஹெல்மெட்டுக்குள் போட்டால் கீச்சென்று கத்தியது. கழற்றி பீரோவில் வைத்தவர் திரும்ப எடுக்கவே இல்லை.

துறைமுக வேலையை விட்டதும் இரண்டு பேருமாகச் சொந்தத் தொழில் பிடித்தார்கள். இசக்கிசெல்வி உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவள். அதனால் உப்பு பாக்கெட்டும் அப்பளமும் வத்தலும் மூட்டை கட்டி, பைக்கில் ஏற்றி, ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கிராமத்துக் கடைகளுக்குப் போடுவது. வண்டி அவர் பாடு, பேச்சு அவள் பாடு. போகிற வழியில் பேச்சே கிடையாது. இடது தோளில் தட்டினால் இடது பக்கம், வலது தோளில் தட்டினால் வலது பக்கம், முதுகில் ஓங்கி ஒரு அடி விட்டால் நிறுத்து. "அண்ணாச்சி, வீட்டுல அடிக்கது பத்தாதுன்னு ரோட்டுலயும் அடிக்காங்களா?" என்று கடைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவருக்கு அது கேட்காது, சிரித்துவைப்பார்.

அவளுக்கு ஒரு விஷயம் மட்டும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையாக இவர்கள் வீட்டில்தான் கிடந்தாள். தூக்கி உட்கார வைத்ததும், துடைத்ததும், கஞ்சியை ஆற்றி ஊட்டியதும் பெரும்பாலும் தாணுலிங்கம்தான். மருமகன் செய்கிற வேலையா அது? ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அதை அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டுமென்று அவள் துடித்தாள். ஆனால் எப்படிச் சொல்வது? சோறு வெந்ததைக் கத்தலாம். இதைக் கத்த முடியுமா? தெருவே கேட்டுக்கொண்டிருக்க, தொண்டை நரம்பு புடைக்க, மனதில் இருப்பதைச் சொன்னால் அதுவும் சண்டை மாதிரித்தான் கேட்கும். அவள் சொல்லவே இல்லை.

அப்போதுதான் அவள் தம்பி செந்தில்முருகன் பெங்களூரிலிருந்து வந்தான். லீவு கிடைத்தால் மலை மலையாக பைக்கில் சுற்றுகிற ஆள். தனக்குப் புதிது வாங்கிவிட்டு, ஹெல்மெட்டில் மாட்டிப் பேசுகிற பழைய இண்டர்காம் ஜோடியைக் கொண்டுவந்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, ஆளுக்கு ஒன்று. தாணுலிங்கத்தின் ஹெல்மெட்டுக்குள் வலது காதோடு ஒட்டி ஸ்பீக்கரை வைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டிவிட்டான். "அத்தான் காதுல அக்கா பேசட்டும்" என்றான். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

முதல் நாள் புதியம்புத்தூர் தாண்டும்போது அவள் தனக்குத்தானே, "வெயிலு என்னமா அடிக்கி" என்றாள். முன்னாலிருந்து, "ஆமா, பனங்காடு வரட்டும், நெழல்ல நிப்போம்" என்று பதில் வந்தது. இசக்கிசெல்விக்குக் கை கால் ஓடவில்லை. முணுமுணுத்தது அவருக்குக் கேட்டிருக்கிறது! கல்யாணமான புதிதில்கூட இத்தனை பேசியதில்லை என்கிற அளவுக்கு அதன் பிறகு பேசினார்கள். சரக்கு இல்லாத நாளில்கூட ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியில் ஏறினாள்.

அம்மா விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாய் வரை வந்தது. மிஷின்தான் இருக்கிறதே, என்ன அவசரம், நல்ல நாள் பார்த்துச் சொல்லுவோம் என்று தள்ளிப்போட்டாள். நல்ல நாளுக்கு முன்னால் ஐப்பசி மழை வந்துவிட்டது.

அவள் அஜாக்கிரதையாக இருக்கவில்லை. பாலித்தீன் கவரை மிஷின் மேல் போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டித்தான் வைத்திருந்தாள். சோளக்காட்டு நடுவே பிடித்த மழை வீடு வரைக்கும் விடவில்லை. வந்து கழற்றினால், ஹெல்மெட்டில் வழிந்த தண்ணீர் கவருக்குள் இறங்கி வெளியே போக வழியில்லாமல் தேங்கி நின்றது. அதற்குள் அவருடைய மிஷின் குளித்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, காலையில் சார்ஜ் போட்டுவிட்டு அந்த ஓட்டையின் ரப்பர் மூடியை அவள் அழுத்தவும் மறந்திருந்தாள்.

நனைந்த போனை அரிசிக்குள் வைப்பது ஊர் வழக்கம். இவள் உப்பளத்துக்காரி ஆயிற்றே! அரிசி என்ன பெரிய ஈரத்தை இழுத்துவிடும்? மழைக்காலத்தில் உப்பு ஜாடி தானாகத் தண்ணீர் விட்டுக்கொள்வதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவள். காற்றிலிருக்கும் ஈரத்தையே இழுக்கிற உப்பு மிஷினில் இருப்பதை இழுக்காதா என்று உப்பு மூட்டையைப் பிரித்து அதற்குள் புதைத்துவிட்டாள். உப்புக்காற்றில் சைக்கிள் ரிம் அரித்து உதிர்வதையும் அவள் பார்த்துத்தான் வளர்ந்தாள். ஆனால் பதறுகிற நேரத்தில் பாதி அறிவுதானே கூட வருகிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவள் உப்பிட்டது ஒரு மிஷினுக்கு, அதற்கு நினைவே போய்விட்டது.

விடிந்து எடுத்தபோது சார்ஜ் ஓட்டையில் உப்புக் குழம்பு. பட்டனை அழுத்தினால் உயிரில்லை. தம்பிக்குப் போன் போட்டாள். அந்த மாடல் இப்போது வருவதில்லை, ஜோடியில் ஒன்று போனால் மற்றதும் சும்மாதான் என்றான்.

மறுபடி முதுகில் தட்டுகிற வாழ்க்கை. துறைமுகச் சாலையில் பின்னாலிருந்து கண்டெய்னர் லாரி ஒன்று ஒட்டிக்கொண்டு வர, அவள் பயத்தில் இரண்டு தோளிலும் மாறி மாறித் தட்டினாள். எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவர் நடுவிலேயே தடுமாறி, கடைசியில் மண்ணில் இறக்கி நிறுத்தினார். 

"என்னளா ஆச்சு?" என்றார்.

"லாரி!" என்று கத்தினாள். அது போய்விட்டிருந்தது. அன்றைக்கு வண்டியில் உட்கார்ந்தபடியே அழுதாள். லாரிக்காக அல்ல. சொல்ல வழி இருந்தபோது சொல்லாமல் விட்டோமே என்று.

நாலைந்து கடைகளில் "இதெல்லாம் பாக்கதில்ல" என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியாகப் போன இடம் விஜிலாவின் மொபைல் சர்வீஸ் கடை. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சந்தில், புருஷன் கவர் விற்க, அவள் குனிந்து பழுது பார்க்கிற கடை. மிஷினைத் திறந்து பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"யக்கா, கடல்ல போட்டீங்களா?"

"இல்ல தங்கச்சி. மழையில நனஞ்சுது. ஈரம் இழுக்கட்டும்னு உப்புல வச்சேன்."

விஜிலா சிரித்துவிட்டாள். இசக்கிசெல்வியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "உப்பும் ஈரமும் சேந்தா செம்பைத் தின்னுரும்க்கா. இந்தா பாருங்க, பச்சை பிடிச்சிருக்கு. சரியாகும்னு நான் சொல்ல மாட்டேன்."

"அவருக்குக் காது கேக்காது, தங்கச்சி. இது இருந்தாத்தான் நான் பேசுதது கேக்கும்."

விஜிலா மிஷினை வாங்கித் தனியாக ஒரு டப்பாவில் வைத்தாள். ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷால் பூப்போல் தேய்த்து, அரித்துப்போன சார்ஜ் முனையை மாற்றி, பேட்டரிக்குச் சென்னையில் ஆள் பிடித்து வரவழைத்து, ஒருமுறை உயிர் வந்து மறுபடி போய், அப்புறமும் விடாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். இவர்கள் யார் அவளுக்கு? யாருமில்லை. யாருமில்லாதவர்களுக்காக ஒருத்தி இப்படிக் குனிந்து உட்கார்வதை நினைத்தால் இசக்கிசெல்விக்கு இன்றைக்கும் கண் கலங்கும்.

கூப்பிட்ட அன்று இரண்டு பேரும் போனார்கள். தாணுலிங்கம் கடைக்குள்ளேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். இசக்கிசெல்வி வாசலில் நின்று தன் ஹெல்மெட்டை மாட்டி, பழக்க தோஷத்தில், "கேக்குதா?" என்று சந்தே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

அவர் துள்ளி எழுந்தார். "ஏளா, எதுக்குக் கத்துத? காதுக்குள்ளதான இருக்க!"

விஜிலா கைதட்டினாள். இசக்கிசெல்வி ஓடிப்போய், ஹெல்மெட்டோடு அவளைக் கட்டிக்கொண்டாள். "நீ நல்லா இருக்கணும், தாயி" என்றாள்.

கிளம்பும்போது விஜிலா சொல்லி அனுப்பினாள்: "இனிமே கவர் போட்டு இறுக்கிக் கட்டாதீங்கக்கா. தண்ணி எப்படியும் உள்ள வரும், போவ வழி இருக்கணும்." உப்பளத்துக்காரிக்கு அது போதும். அளத்தில் குவித்த உப்பு அம்பாரத்தை யாராவது மூட்டையாகவா கட்டுகிறார்கள்? மேலே ஓலையைச் சரிவாக வேய்ந்து, மழை வழிந்தோடக் கீழே திறந்து விட்டுவிடுவார்கள். பழைய சீட் கவர் ரெக்சினை வெட்டி, மிஷினுக்கு மேலே மட்டும் ஒட்டி, கீழே திறந்தபடி சின்னக் கூரை போட்டாள். ரப்பர் மூடியை அழுத்தினோமா என்று கிளம்புமுன் இரண்டு முறை தடவிப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்ததும் கழற்றித் துடைத்து, செருப்புப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு டிபன் டப்பாவில் வைப்பாள். ஈரமிருந்தால் சார்ஜ் கிடையாது.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், ஓட்டப்பிடாரத்திலிருந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. கூரை தாங்குமோ என்னவோ, இன்றைக்கும் விட்டால் எப்போது என்று நினைத்தவள், மழைக்குள்ளேயே மெதுவாகப் பேசினாள்.

"எங்கம்மாவ நீங்க பெத்த மகன் கணக்காப் பாத்தீங்க. நான் அத ஒரு நாளும் வாயத் தொறந்து சொன்னதில்ல. உங்களுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்."

பதில் இல்லை. மழைச் சத்தம் மட்டும். போச்சு, தண்ணீர் இறங்கிவிட்டது என்று பதறி, கையை நீட்டி ரெக்சின் கூரையைத் தடவினாள். மேலே வழிந்தோடியது. அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

வண்டி வேகம் குறைந்து ஓரமாக நின்றது. அவர் திரும்பவில்லை.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சி" என்றார். "இன்னொருக்கா சொல்லு."

அவள் இன்னொரு முறை சொன்னாள், கத்தாமல்.