மூன்றாம் பாட்டுக்கு முன் ஒரு செருமல்

அந்த இசைத்தட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதியவர்கள் உலகத்தில் மிகக் குறைவு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பிறந்த றொக் இசையை, கிற்றார்களைக் கனமாக முறுக்கி வாசிக்கும் ஒரு குழு வெளியிட்ட தட்டு அது. அந்தக் குழுவின் மற்றத் தட்டுகளைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள்கூட இதை மட்டும் ஒதுக்கிவிடுவார்கள். சத்தம் கூடிவிட்டது, வேகம் குறைந்துவிட்டது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அரியாலையில் எங்கள் வீட்டில் அதைக் கேட்ட அளவு கவனமாக, அதை வாசித்தவர்களே கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

மின்சாரம் இல்லாத போர்க்கால வருடங்கள் அவை. பற்றரிக்கும் தடை. பாட்டுக் கேட்க ஆசைப்பட்டவர்கள் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, கசற் போடும் றேடியோவுக்குக் கொடுப்பார்கள். கை சோர்ந்தால் பாடகி ஆணாகிவிடுவாள். உற்சாகம் கூடினால் பாடகர் பெண்ணாகிவிடுவார். எங்கள் வீட்டில் சுற்றுவது என் வேலை. எனக்குப் பத்து வயது. பெண்பிள்ளைக்கு இவ்வளவு கைப்பலம் கூடாது என்று உறவினர்கள் கவலைப்பட்டார்கள்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி வெளிநாட்டுக்குப் புறப்பட்டவர். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது, பிறகு பெயர் வாசிக்க முடியாத ஏதோ ஊரிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது, அதோடு சரி. தம்பி உயிரோடு போய்ச் சேர்ந்தான் என்று சேதி வந்தால் தொண்டைமானாற்றுக்கு வந்து, ஆற்றில் முழுகி, ஈரச்சேலையோடு விழுந்து விழுந்து கும்பிட்டுக் கோயிலைச் சுற்றி அடியழிப்பதாகச் சன்னதி முருகனுக்கு அம்மா நேர்த்தி வைத்திருந்தாள். சேதி வரவில்லை. வந்தது ஒரு கசற்.

கொழும்புக்குப் போய்த் திரும்பிய பக்கத்து ஒழுங்கை ரீச்சர் அதைப் பால்மாப் பேணிக்குள் ஒளித்துக் கொண்டுவந்து தந்தார். "கனடாவில இருந்து உங்களுக்காம்" என்பதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியாது. கடிதம் இல்லை. உறையில் அப்பாவின் பெயர் இருந்தது, மாமாவின் கையெழுத்தில் இல்லை.

வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் குரலைக் கசற்றில் பதிந்து அனுப்புவது அப்போது வழக்கம். வழியில் சோதிப்பவர்கள் தொடக்கத்தை மட்டும் போட்டுப் பார்ப்பார்கள் என்பதால், பேச்சைப் பாட்டுகளுக்கு நடுவில் எங்காவது ஒளித்து வைப்பார்கள். ஆகவே முழுவதையும் கேட்டேயாக வேண்டும். இப்படித்தான் ஒரு மத்தியானம் நாங்கள் மூவரும் சைக்கிளைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு சொல்லும் விளங்காமல், கசற்றில் பதிந்திருந்த அந்தத் தட்டைக் கேட்கத் தொடங்கினோம்.

முதல் பாட்டு தகரக்கூரையில் யாரோ கல்லை உருட்டுவது போல இருந்தது. அப்பா முகத்தைச் சுழித்தார். அவர் மேளப்பைத்தியம். எந்தக் கோயில் திருவிழாவில் நல்ல தவில்காரர் வந்தாலும் சைக்கிளை எடுத்துவிடுவார்.

"உதில தாளமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை" என்றார்.

இரண்டாம் பாட்டு முடிந்தது. நாடாவில் ஓர் அறையின் இரைச்சல் கேட்டது. அந்த இரைச்சலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். உடனே மூன்றாம் பாட்டு தொடங்கிவிட்டது.

"நிப்பாட்டு பிள்ளை! இஞ்சருங்கோ, அது தம்பி" என்றாள் அம்மா.

"உமக்கென்ன விசரே? ஆரோ வெள்ளைக்காரன் செருமுறான்."

"அவன் ஏதும் கேக்கமுன்னம் அப்பிடித்தான் செருமுறவன். உங்களிட்டைச் சைக்கிள் கேக்கிறதெண்டாலும் செருமிப்போட்டுத்தானே கேட்டவன்?"

"கையெழுத்து அவன்ரை இல்லை. ஆரோ கூட்டாளிதான் அனுப்பியிருக்கிறான்" என்றார் அப்பா. சொன்ன பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. போனவனுக்கு ஏதும் நடந்தால்தான் அவனுடைய சாமான்களைக் கூட்டாளிகள் அனுப்புவார்கள். எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு பெட்டி ஏற்கெனவே ஒரு வீட்டுக்கு வந்திருந்தது.

அம்மா கசற்றை எடுத்து, பேனையை விட்டுச் சுழற்றி, நாடாவைப் பின்னுக்குக் கொண்டுவந்தாள். நான் சுற்றினேன். ஒரு கிழவர் செருமினார். "கொஞ்சம் கெதியா" என்றாள். ஆட்டுக்குட்டி தும்மியது. திரும்பவும் பேனை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, கையை உயர்த்தியும் தாழ்த்தியும் எனக்கு வேகம் சொன்னாள். எத்தனை தரம் சுற்றினேனோ தெரியாது, தோள்மூட்டு கழன்றுவிடும் போல வலித்தது. கடைசியில் அவள் கை அந்தரத்தில் நின்றது.

"உதுதான். உந்தச் சுத்தை விடாதை."

நான் விடவில்லை. மூன்றாம் பாட்டு அந்த வேகத்தில் வந்தது. அதுவரை வெறும் இரைச்சலாக இருந்தது, நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பாட்டாக மாறியது. கனத்த மெத்தனமான அடி; அதன்மேல் இரண்டு கிற்றார்கள், மேளச்சமாவில் இரண்டு நாயனக்காரர் போல, ஒன்று கேட்க மற்றது விட்டுக்கொடுக்காமல் பதில் சொன்னது. பாடகர் அவசரமே இல்லாமல் அடிக்குச் சற்றுப் பிந்தி வந்து சேர்ந்தார். இந்தப் பாட்டு வேகமாகப் போயிருந்தால் நாசமாகியிருக்கும். மெல்லப் போவதுதான் அதன் வீரம். விமர்சகர்களுக்கு இது இன்றுவரை பிடிபடவில்லை.

அம்மா பாட்டைக் கவனிக்கவில்லை, அப்பாவின் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவருடைய கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு அடி பிசகாமல் போட்டது. அவள் பார்ப்பதைக் கண்டு கையை இழுத்துக்கொண்டார், ஆனால் பிந்திவிட்டது. பாட்டின் வேகம் சரியென்றால் அந்த வேகத்தில் கேட்ட மாமாவின் செருமலும் சரி. தாள விஷயத்தில் பொய் சொல்ல அப்பாவுக்கு வராது.

அவர் எழுந்து போய்ப் பம்பை எடுத்து வந்து, டைனமோ வயரைக் கழற்றிவிட்டு, சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தொடங்கினார். "விடிய வெள்ளென வெளிக்கிடும். சன்னதிக்குப் போட்டு வருவம்" என்றார். அம்மா அப்போதுதான் அழுதாள்.

நேர்த்தி நிறைவேறியது. மாதங்கள் கழித்து மாமாவின் கடிதமும் வந்தது. பனிக்குளிர் பற்றியும் வேலை பற்றியும் எழுதியிருந்தார். கசற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதன் பிறகும் மத்தியானங்களில் அம்மா அந்தக் கசற்றைப் போடச் சொல்வாள். எப்போதும் மூன்றாம் பாட்டுத்தான். செருமலில் தொடங்கி, பாட்டு முடியும்வரை றேடியோவோடு காதை வைத்து, அசையாமல் கேட்பாள். வீட்டில் எனக்கு ஒரு கூட்டு ரசிகை கிடைத்துவிட்டாள் என்று பெருமையாக இருந்தது. பின்னர் ஊரோடு சேர்ந்து நாங்களும் வீட்டை விட்டு வெளியேறியபோது சைக்கிள் வந்தது, கசற் வரவில்லை.

வெகுகாலம் கழித்து, அம்மா இறந்த பிறகு, கனடாவில் மாமாவின் வீட்டுக்குப் போனேன். அந்தத் தட்டு அங்கே இருந்தது. அவர் பாத்திரம் கழுவிய உணவகத்தின் சமையல்காரர் குப்பையில் போடப்போனதாம். அதை ஓடவிட்டு, றெக்கோடரை முன்னால் வைத்துப் பதிந்திருக்கிறார். உறையில் பெயரை எழுதி அனுப்பிவிட்டது கூட்டாளி ஒருவராம். "சைக்கிளிலயோ கேட்டனீங்கள்? அப்ப இழுபட்டிருக்குமே" என்று சிரித்துக்கொண்டு அதைப் போட்டார். மூன்றாம் பாட்டு வந்தது. அம்மா கைகாட்டி நிறுத்திய அதே வேகம்.

நான் செருமலைப் பற்றிக் கேட்டேன். மாமா செருமிக்கொண்டார்.

"கதைக்கத்தான் இருந்தனான் பிள்ளை. ரெண்டாம் பாட்டு முடிய, 'அக்கா, நான் வந்து சேர்ந்திட்டன்' எண்டு சொல்லுவம் எண்டு கிட்டப் போனனான். வாய் வரேல்லை. அதுக்கிடையில அடுத்த பாட்டுத் துவங்கீட்டுது."

ஏதும் கேட்பதற்கு முன்னால் அவர் செருமுவார் என்று அம்மாதான் சொன்னாள். செருமினவன் ஏதோ சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சொல் பாட்டுக்கு அடியில் எங்காவது கிடக்கும் என்று ஒவ்வொரு மத்தியானமும் காதைக் கொடுத்திருந்தாள். நானோ அவளுக்குக் கிற்றார் பிடித்துவிட்டதென்று நினைத்து, ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே, மற்றக் கையால் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.