அப்பா வாய் திறக்காத பதினோரு நாட்கள்

மாதாப்பூரில் என் அலுவலகத்தில் யாராவது இனிப்புப் பெட்டியோடு வந்தால், அவர்களுடைய அப்பா அம்மாவுக்கு அமெரிக்க விசா கிடைத்துவிட்டது என்று ஊகித்துக்கொள்வேன். மற்றவர்களிடம் சிரித்துக்கொண்டே பெட்டியை நீட்டுகிறவர்கள் என் இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் தயங்குவார்கள். இனிப்பை எடுப்பதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சா? எடுக்கவில்லை, மூன்று மாதம்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் தலைக்கேறிவிடும். ஒருமுறை ஒரு பெண்ணை அழவே வைத்துவிட்டேன். குரலை உயர்த்தியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கேள்வி கேட்டதற்குக் கேட்கவில்லை.

எங்கள் வீட்டிலும் மூன்று மாதம்தானே என்றுதான் சொன்னார்கள். சொன்னவர் அப்பா.

அப்பா காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து, குவார்ட்டர்ஸில் என்னையும் அண்ணனையும் வளர்த்து, ஓய்வு பெற்றதும் அதே பக்கத்தில் ஒரு மாடி வீட்டை வாங்கிக் குடியேறினார். அத்தனை வருஷத்தில் ஒரு மருத்துவருக்கும் அவர் கையிலிருந்து காசு கொடுத்ததில்லை. தொழிற்சாலை டிஸ்பென்சரியில் மருத்துவ அட்டையைக் காட்டினால் மாத்திரை வரும். பெரிய வியாதி என்றால் ஒரு கடிதம் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அம்மாவின் ஆபரேஷன், அண்ணன் கையை முறித்துக்கொண்டது, எனக்கு வந்த டைபாய்டு எல்லாம் அந்த அட்டையிலேயே முடிந்தவை. நோய் வருவதற்கு முன்பே அதற்காக ஒரு கம்பெனியிடம் போய்ப் பணம் கட்டுவது அவருக்கு விளங்காத சங்கதி. விமானம் ஏறினால் அந்த அட்டை செல்லாது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைப் பற்றி அவர் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் அமெரிக்கா போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. அங்கே வீடு வாங்கி, குழந்தையும் பிறந்த பிறகு அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டான். டிக்கெட் அவன் அனுப்பினான். மற்ற ஏற்பாடுகள் என் பொறுப்பு.

அந்த ஏற்பாடுகளில் இன்ஷூரன்ஸும் உண்டு என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அதற்கு முந்தின வருஷம்தான் கம்பெனி என்னை ஆறு வாரம் வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தது. கிளம்பும் முன் டிராவல் டெஸ்க்கில் டிக்கெட்டோடு ஒரு பாலிசியும் வைத்து உறையில் போட்டுக் கொடுத்தார்கள். அதை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. போன இடத்தில் குளிரில் காதுவலி வந்தது. ஒரு கிளினிக்குக்குப் போனேன், பாலிசி எண்ணைக் காட்டினேன், மருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். வலிக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஒரு காதுக்கு அத்தனை ராஜ மரியாதை. கம்பெனிக்கு உழைக்கிற உடம்பு என்றால் யாராவது நினைவு வைத்துக்கொண்டு பாலிசி எடுத்துவிடுகிறார்கள். அந்த உடம்பைப் பெற்றவர்கள் விமானம் ஏறும்போது அதை ஞாபகம் வைத்திருக்க வேண்டியவள் நான்.

ஞாபகம் இல்லாமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விளம்பரத் தாளையும் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் கொடுத்தேன். அங்கேதான் என் முதல் முட்டாள்தனம். அப்பா வேலை பார்த்தது தரப் பரிசோதனைப் பிரிவில். எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரக்கப் படிப்பார். ஆஸ்பத்திரிச் செலவு என்று படித்தார். பெட்டி தொலைந்தால் என்று படித்தார். பாஸ்போர்ட் தொலைந்தால், விமானம் தாமதமானால் என்று ஒவ்வொன்றாகப் படித்து, கடைசியில், பயணி இறந்துபோனால் உடலைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவரும் செலவு என்று படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். பரவாயில்லையே, திரும்பி வரவும் டிக்கெட் போட்டுத் தருகிறானே என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்து தாளைப் பிடுங்கி நாலாக மடித்தாள்.

“போவும்போதே பொணத்தப் பத்திப் பேசுத காயிதம் நம்ம வீட்டுக்குள்ள வேண்டாம்” என்றாள்.

நான் வாதாடிப் பார்த்தேன். எல்லாப் பாலிசியிலும் அப்படி ஒரு வரி இருக்கும், அது வெறும் வழக்கம் என்றேன். வயதானவர்களுக்கு இசிஜியும் ரத்தப் பரிசோதனையும் கேட்கிறார்கள், அதையும் எடுத்துவிட்டால் நல்லது என்றேன். நன்றாக இருக்கிறவனுக்கு எதற்கு இசிஜி என்றார் அப்பா. தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிற ஆள். “நக்கோளா, வேண்டாம், விடு. மூணு மாசந்தான” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அறுபத்தைந்து வயது மனிதர் ஒருவரின் இதயத்தைப் பற்றி எங்கள் குடும்பம் எடுத்த முடிவு அது. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

நான் விட்டுவிட்டேன். அம்மாவின் பயத்தை மதித்துத்தான் விட்டுவிட்டதாகப் பல வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அது பொய். அந்த வாரம் அலுவலகத்தில் புது மென்பொருள் ரிலீஸ். அப்பாவை இசிஜிக்கு அழைத்துப் போக அரைநாள் விடுப்பு கேட்டால் மேனேஜர் முகத்தைச் சுளிப்பார். அம்மா தாளை மடித்தபோது எனக்குள் ஒரு வேலை குறைந்த நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பாலிசிக்குப் பதிலாக அம்மா ஒரு பிஸ்கட் டப்பா நிறைய மாத்திரை கட்டினாள். நம் குடும்பங்களில் இதுதான் வழக்கம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சளி, வாயு, மூட்டுவலி என்று தனித்தனிக் கவரில் போட்டு, மேலே தன் கையெழுத்தில் எழுதி ஒட்டினாள். அந்தக் கவர்களில் எழுதாத வியாதி எதுவும் வராது என்பது எங்கள் ஏற்பாடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளைக் கெட்டிக்காரி என்று மெச்சினார்கள். நானும் மெச்சினேன்.

அமெரிக்காவில் முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. பேத்தியைத் தூக்கிக்கொண்டு திரிந்தார், பூங்காவில் நடந்தார், போனில் என்னிடம் அந்த ஊர்ச் சாலைகளைப் பற்றி அளந்தார். அப்போது ஒரு நாள் அண்ணனின் தமிழ்ச் சிநேகிதர்கள் வீட்டில் விருந்து. அங்கே யாரோ ஒருவருடைய மாமியார் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்த கதையை எல்லோருமாகப் பேசியிருக்கிறார்கள். அந்த அம்மாளுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை, வந்த பில்லைக் கட்ட வீட்டை விற்க வேண்டியிருக்கும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். காரில் திரும்பி வரும்போது அண்ணன் அப்பாவிடம் விளையாட்டாக, “அப்பா, பாத்து நடங்க, இங்க விழுந்தா நம்ம வீடும் போயிரும்” என்றானாம். அவனுக்கு அது ஒரு கேலி, வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிட்டான். அப்பா அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டுவிட்டார். சொன்ன பிறகாவது இவனுக்குப் பாலிசி ஞாபகம் வந்திருக்க வேண்டாமா? அங்கே போன பிறகும் எடுக்க முடியும் என்று பின்னால் என்னிடம் அவனே சொன்னான்.

ஊருக்குத் திரும்பப் பதினோரு நாள் இருக்கும்போது அது வந்தது. காலையில் நடந்துவிட்டு வந்தவருக்கு மார்பின் நடுவில் பாறாங்கல்லை வைத்த மாதிரி வலி. தாடைவரை ஏறியிருக்கிறது. சட்டை நனைய வியர்த்திருக்கிறது. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமலிருக்கத் தண்ணீரைத் திறந்துவிட்டு, தரையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அரைமணி நேரம் கழித்து வெளியே வந்து அம்மாவிடம் வாயு என்றார். அம்மா வாயு என்று எழுதிய கவரைப் பிரித்தாள்.

அன்றிலிருந்து நடைப் பயிற்சியை நிறுத்தினார். அண்ணன் கேட்டதற்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். குழந்தையைத் தூக்கச் சொன்னால் முதுகுப் பிடிப்பு என்றார். இரண்டு தலையணை வைத்துப் படுத்தார், பிறகு உட்கார்ந்தபடியே தூங்கினார். மூன்றாம் நாள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மகனிடம் சொல்லப் போனவளைக் கையைப் பிடித்து நிறுத்தி, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், அங்கே அட்டை இருக்கிறது என்றிருக்கிறார். டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றலாமா என்று அவள் கேட்டதற்கு, மாற்றினால் ஏன் என்று கேட்பான் என்றார். அம்மாவும் வாயை மூடிக்கொண்டாள். கிளம்பும்போது அபசகுனம் பார்க்கத் தெரிந்தவளுக்கு, புருஷன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து மூச்சு வாங்குவது சகுனமாகப் படவில்லையா என்று பிற்பாடு ஒரு நாள் கேட்டேவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அந்தப் பதினோரு நாளில் இரண்டு முறை போனில் பேசினேன். இரண்டு முறையும் எப்படி இருக்கீங்க என்று நான் கேட்க, சும்மா ஜம்மென்று இருக்கேன் என்றார். மூச்சு வாங்கியதை லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பேகம்பேட்டில்தான் அப்போது விமான நிலையம். இரண்டு விமானம் மாறிக் காலை ஒன்பது மணிக்கு வந்து இறங்கினார்கள். சக்கர நாற்காலி கேட்டிருக்கலாம். கேட்டால் அண்ணனுக்குத் தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை. பெட்டிகள் ஏற்றிய தள்ளுவண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது, கால்கள் வீங்கிச் செருப்புக்குள் கொள்ளாமல் பிதுங்கின. நான் ஓடிப் போய் வண்டியை வாங்கினேன். அவர் அதிலிருந்த பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“வீட்டுக்கு வேண்டாம்ளா. நேரா ஆஸ்பத்திரிக்குப் போவமா?” என்றார்.

சட்டைப் பையிலிருந்து மருத்துவ அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். சொந்த ஊர் மண்ணை மிதித்ததும் நோயாளியாக இருக்க அவருக்கு உரிமை வந்துவிட்டது. அதுவரை கடல் தாண்டி, பத்தாயிரம் மைல், செத்துக்கொண்டிருந்த இதயத்தோடு மரியாதையாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்து வந்திருக்கிறார். பக்கத்து இருக்கைக்காரருக்குப் பெட்டி இறக்க உதவி வேறு செய்தாராம்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் வலி எப்போது தொடங்கியது என்று தெலுங்கில் கேட்டார். பதினோரு நாள் என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான்தான் கவனிக்காமல் விட்டேன் என்று நினைத்திருப்பார். அவர் நினைத்ததில் தப்பில்லை. முதல் நாளே வந்திருந்தால் அடைப்பை எடுத்துவிட்டு ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியிருப்போம், இப்போது இதயத் தசையில் பாதிக்கு மேல் செத்துவிட்டது, அது திரும்ப வராது என்றார். உயிர் பிழைத்ததே அதிசயம் என்றும் சொன்னார். அதைக் கேட்டு அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை.

அன்று மாலை அண்ணன் போனில் அழுதான். “ஒரு வார்த்த சொல்லியிருந்தா வீட்ட வித்தாவது பாத்திருப்பேன்லா” என்றான்.

“நீ வித்துருவேன்னு தெரிஞ்சுதாண்ணே அவரு சொல்லல” என்றேன்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள்மேல் எனக்குப் பெரிய பிரியம் எதுவும் கிடையாது. ஏற்கனவே இருந்த நோய் என்று சொல்லிக் கையை விரிக்க அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அப்பாவின் விஷயத்திலும் விரித்திருக்கலாம், யார் கண்டது. ஆனால் அதெல்லாம் பிறகு நடக்கிற சண்டை. கடிதம் எழுதலாம், கத்தலாம், கோர்ட்டுக்குப் போகலாம். அந்நிய ஊரில் மார்பு வலிக்கிற ஒரு மனிதனுக்கு முதல் நிமிஷத்தில் தேவைப்படுவது, வலிக்கிறது என்று சொன்னால் பிள்ளை தெருவுக்கு வந்துவிட மாட்டான் என்கிற தைரியம். அந்தத் தைரியத்தை நாங்கள் அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்கவில்லை. மாத்திரை டப்பா கொடுத்தோம்.

அதற்குப் பிறகு அப்பா நாலு வருஷம் இருந்தார். மாடிப்படி ஏற முடியாமல் வீட்டை விற்றுவிட்டுத் தரைத்தள வாடகை வீட்டுக்குப் போனோம். அமெரிக்காவில் போகாமல் அவர் காப்பாற்றிய வீடு அண்ணனுடையது, போனது அவருடையது. பேத்தி வந்தபோது அவளைத் தூக்க முடியவில்லை. பார்க்க வருகிறவர்களிடம் மட்டும் பதினோரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு மகனைக் காப்பாற்றிய கதையைப் பெருமையாகச் சொல்வார். எல்லோரும் ஆஹா என்பார்கள். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

ஒரு நாள் மத்தியானம், அம்மா கடைக்குப் போயிருந்தபோது, வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். நெடுநாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். இன்ஷூரன்ஸ் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள், அப்போதும் வாயு என்றுதான் சொல்லியிருப்பீர்களா என்றேன். ஆமாம் என்று சொல்வார், பிடிவாதக்கார மனிதர், அதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறையும் என்று எதிர்பார்த்தேன். அப்பா அதிகம் யோசிக்கவில்லை.

“அன்னைக்கே சொல்லியிருப்பேன்ளா. கத்தியே சொல்லியிருப்பேன். அப்படி வலிச்சுது.”