சுவருக்குள் போகும் ரோடு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருடம் ஓட்டிவிட்டேன். பத்தாவது தாண்டாதவள் கம்ப்யூட்டர் கம்பெனியைக் குறை சொல்ல வந்துவிட்டாள் என்று சிரிப்பீர்களே, அந்தக் கூச்சம்தான். இன்று வெள்ளிக்கிழமை. பூஜை விளக்கைத் துலக்கிக்கொண்டிருந்தபோது பார்சல்காரர் போன் செய்தார்.

"யக்கா, மேப்புபடி உங்க தெருவுலதான் கீறேன். எதிர்ல பெரிய சுவரு நிக்குது. ஊடு எங்க?"

வழி சொல்லிவிட்டு, புளி போட்ட கையை முகர்ந்தேன். பித்தளை வாசனை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய என் கணவரின் சட்டையிலும் இதே வாசனைதான் வரும். ஞாயிறு மாலை அந்தச் சட்டையோடே என்னை பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போவார். அண்ணனூரில் எங்கள் நகர் அப்போது மேப்பில் வெறும் சாம்பல் நிறம். அவரவர் தெருவை அவரவரே வரையலாம் என்று மேப் கம்பெனி விட்டிருந்தது. நான் வாயால் சொல்ல, அவர் கையால் தெரு போடுவார். அம்மன் கோயிலைத்தான் முதலில் போடச் சொன்னேன்.

"சாமிக்கே அட்ரஸா?"

"பின்ன, உங்க பட்டறைக்கு மட்டுந்தானா?"

மெயின் ரோட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ரயில்வே சுவர். அதில் ஆட்டோ நுழைகிற அளவு ஓர் உடைப்பு. ஊரே அதில்தான் போய்வந்தது. அதையும் ரோடாகப் போட்டோம். சில நாளில் கம்பெனியில் யாரோ பார்த்து, 'ஏற்றுக்கொண்டோம்' என்று பதில் போட்டார். அதைப் பிரிண்ட் எடுத்து என் கணவர் பிரசாதம் மாதிரி தெருவெல்லாம் காட்டினார்.

பிறகு வரைகிற வசதியைக் கம்பெனி மூடிவிட்டது. அதற்கப்புறம் ரயில்வேக்காரர்கள் உடைப்பையும் அடைத்துவிட்டார்கள். மேப்பில் மட்டும் ரோடு சுவரைத் துளைத்துக்கொண்டு அப்படியே போகிறது.

என் மகளுக்குப் பிரசவ வலி கண்ட மத்தியானம், கூப்பிட்ட கார் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. சுற்றி வரச் சொன்னால், டிரைவருக்கு மேப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா போட்ட ரோடு ஆச்சே, அவரையே சுவத்த இடிக்கச் சொல்லு."

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் லுங்கியோடு ஓடி வந்தார். "ஏறு பாப்பா! எனக்கு மேப்பும் வேணாம், மண்ணும் வேணாம்."

லேபர் ரூமுக்குள் போனதும் பேத்தி பிறந்துவிட்டாள். அம்மன் காப்பாற்றினாள். ஆனால் எல்லாரையும் அவளே சுமந்துகொண்டிருக்க முடியுமா?

அன்று முதல் என் கணவர் புகார் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று வரும், அவ்வளவுதான். இதற்கு நடுவே மேப்புக்குப் புது நிறம், புதுக் குரல், என்னென்னவோ வந்துவிட்டது. "சாமிக்குப் புதுசு புதுசா நகை பண்றான், கருவறை ஒழுவுறத பாக்க மாட்றான்" என்பார். சுவரில் அவரே 'வழி இல்லை' என்று பெயிண்டில் எழுதினார். யாரோ அதன்மேல் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள்.

வரைய விட்ட அந்தப் பட்டனும் இல்லை. பார்த்துப் பதில் போட்ட மனிதரும் இல்லை. ஆகவே படிப்பவர்கள் இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். புண்ணியத்துக்காகச் சொல்லவில்லை. அழகுபடுத்துகிறேன் என்று ஒரு வார்த்தையையும் மாற்றிவிடாதீர்கள்: எங்கள் நகருக்குச் சுவர்ப் பக்கம் வழி கிடையாது. மெயின் ரோட்டிலேயே நேராக வந்து, ரேஷன் கடை தாண்டி இடது பக்கம் திரும்ப வேண்டும்.

பின் தெருவில் ஒரு பெண்ணுக்கு இது ஒன்பதாம் மாதம்.