கத்தரிச் சத்தம்

எங்கள் தெரு சலூன்காரர் இருபத்தெட்டு வருடமாக முடி வெட்டுகிறார். அடுத்தவரைப் புகழ்ந்தால் முகம் சுண்டிவிடும். எதிர் வரிசையில் புது சலூன் திறந்ததிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. "கண்ணாடிக் கதவு போட்டுட்டா தொழில் வந்துடுமா?" என்று என் தலையைப் பிடித்துக்கொண்டே பொருமுவார்.

ஆள் வராத நேரத்தில் தன் நாயைப் பழக்கினார். அடி கிடையாது, அதட்டல் கிடையாது. சொன்னபடி அது உட்கார்ந்த நொடியில் கத்தரிக்கோலை ஒருமுறை 'டக்' என்று தட்டுவார். உடனே ஒரு துண்டு பிஸ்கட். ஒரே மாதத்தில், கத்தரிச் சத்தம் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் ஓடிவந்து உட்கார்ந்தது. "பாத்தீங்களா, என் கைராசிய!" என்று வந்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

போன வாரம் நாயைக் காணவில்லை. தேடிப் போனால், எதிர்க்கடை வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உள்ளே மூன்று நாற்காலி, மூன்று கத்தரி, ஓயாத சத்தம்.

"அவன்தான் பிஸ்கட் போட்டு மயக்கிட்டான்!" என்று குதித்தார்.

"யாரும் ஒண்ணும் போடலைங்க," என்றார் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி. "கத்தரி சத்தம் வர்ற இடத்துல கிடைக்கும்னு போய் உக்காந்திருக்கு. நம்ம கடையில எங்க சத்தம் வருது?"

அவர் தன் கடைக்குள் போய், காலி நாற்காலிக்குப் பின்னால் நின்று, வெறும் காற்றை வெட்ட ஆரம்பித்தார். நாய் ஓடிவந்தது, பிஸ்கட்டைத் தின்றது, எதிர்க்கடைச் சத்தம் கேட்டுத் திரும்ப ஓடியது.

மாலைவரை விடாமல் வெட்டினார். கடை நிறைந்திருந்த நாட்களில்கூட அவருக்குக் கை இப்படி வலித்ததில்லை.