மாமாவின் ஊதா வெல்வெற் கோட்டு

எங்கள் சனத்துக்குள் ஒருவருக்குப் பட்டம் வைக்க ஒரு நிமிடம் போதும். அதைக் கழற்றத்தான் ஆயுள் போதாது. எனக்குப் பத்து வயதிலேயே ஒன்று கிடைத்துவிட்டது. ஸ்காபரோவில் ஒரு பாடசாலை மண்டபத்தில் ஊர்ச் சங்கமொன்று நடத்திய பேச்சுப்போட்டி. தமிழின் இனிமையைப் பற்றிப் பேச மேடையேறி, "அவையோர்களே" என்று தொடங்கினேன். அவையோர் எல்லோரும் ஒன்றாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு என் வாயிலிருந்து வந்தது தமிழ் அல்ல. காலையில் சாப்பிட்ட இடியப்பமும் சொதியும். அன்றிலிருந்து நான் 'சத்தி எடுத்த பிள்ளை'.

அந்தப் பட்டம் என்னைவிட வேகமாக நடந்தது. கோயிலில் சுண்டலுக்கு வரிசையில் நின்றால், "உவதானே அண்டைக்குச் சத்தி எடுத்தவ? இப்ப சுகமாமோ?" என்று பின்னால் ஒரு அன்ரி இன்னொரு அன்ரியிடம் அக்கறையாக விசாரிப்பார். அக்கறைதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அது காதில் விழுந்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டும். நாலு பேர் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தாலே தொண்டைவரை வந்துவிடும். வகுப்பில் விடை தெரிந்தாலும் கையைத் தூக்கமாட்டேன்.

பட்டத்தை விருப்பத்தோடு சுமந்து திரிந்த ஒரே மனிதர் என் தாய்மாமன்தான். அவருக்குச் சனம் வைத்த பெயர் 'துரை'. அம்மாவின் கடைசித் தம்பி. டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த அதே அடுக்குமாடியில், எங்களுக்கு மேலே தனியாக இருந்தார். கனடா வருமுன் சில வருடம் லண்டனில் இருந்தவர். அங்கே பெரிய மனிதருக்குச் சூட் தைக்கிற கடைகள் உள்ள தெருவொன்றில், கடை திறக்குமுன் கூட்டித் துடைக்கிற வேலை. கூட்டினாரோ இல்லையோ, பொம்மைகளுக்குப் போட்டிருந்த கோட்டுகளை வடிவாகப் பார்த்திருக்கிறார். மற்றவர்கள் லண்டனிலிருந்து சாமான் கட்டிக்கொண்டு வந்தார்கள், மாமா உடுப்புப் பைத்தியம் என்ற வருத்தத்தைக் கட்டிக்கொண்டு வந்தார் என்பது அப்பாவின் கட்சி.

வேலை பிறம்ரனில், ஒரு வெயர்ஹவுசில் பெட்டி ஏற்றி இறக்குவது. வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது சாம்பல் நிறச் சூட், உள்ளே அதே துணியில் ஒரு வெயிஸ்கோட்டு, நெஞ்சுப் பொக்கற்றில் மடித்த வெள்ளைக் கைலேஞ்சி. அங்கே போய் எல்லாவற்றையும் கழற்றித் தொங்கவிட்டுப் பெட்டி தூக்குவார். வேலை முடிய முகம் கழுவி, திரும்பவும் சூட். வேலையாட்களை ஏற்றி இறக்குகிற வானில் கூட வருகிறவர்கள் வாயைப் பிளந்து நித்திரை கொள்ள, இவர் மட்டும் காற்சட்டை மடிப்புக் கலையாமல் நிமிர்ந்து இருப்பாராம். பனிக்காலத்தில் ரொறன்ரோ முழுவதும் பஞ்சு ஜக்கெற்றுக்குள் உருண்டு திரிய, மாமா நீளக் கம்பளிக் கோட்டும் விளிம்புத் தொப்பியுமாக, காது இரண்டும் மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவந்துபோய் நிற்பார்.

"காது கழண்டு விழப்போகுது, ஒரு குளிர்த் தொப்பியைப் போடன் தம்பி" என்று அம்மா கெஞ்சுவா.

"விழுந்தா லேஞ்சியிலை சுத்தி வைக்கிறன், அக்கா."

இதைக் கேட்டுவிட்டு மாமா ஏதோ பளபளக்கிற ஆள் என்று நினைக்கவேண்டாம். பளபளப்புக்கு எங்களிடம் வேறு ஆட்கள் இருந்தார்கள். கலியாண வீடுகளில் கல்லும் சரிகையும் பதித்த ஷெர்வாணிக்குள் எங்கள் அங்கிள்மார் மூச்சுவிடக் கஷ்டப்பட்டுக்கொண்டு நிற்க, மாமா கடும் நீலத்தில் ஒரு தூணோரம் நிற்பார். அவருடைய சட்டமே வேறு. "நல்லா உடுத்திருக்கிறான் எண்டு ஆருக்கும் உடனை தெரியப்படாது, பிள்ளை. வீட்டை போய்ச் சப்பாத்தைக் கழட்டேக்கைதான், அந்த மனுசன் என்னவோ வடிவா இருந்தவர் எண்டு யோசிக்கவேணும். எல்லாரும் திரும்பிப் பாத்தால் அது உடுப்பில்லை, வாணவேடிக்கை."

கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரிப் போ டை கட்டுவார், கையால். அது ஒரு பக்கம் மயிரிழை அளவுக்குச் சரிந்திருக்கும்; கையால் கட்டியதற்கு அந்தச் சரிவுதான் அத்தாட்சி. கடையில் கட்டியே விற்கிற, பின்னால் கொக்கி வைத்த போ டைகளை மாமாவுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. ஒரு கலியாண வரவேற்பில் மாப்பிள்ளை அப்படி ஒன்றைக் கொழுவிக்கொண்டு நின்றார் என்பதற்காகச் சாப்பிடாமல் வந்துவிட்டார். "கட்டத் தெரியாட்டி வெறுங் கழுத்தோடை வந்திருக்கலாம்" என்று செத்தவீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரிக் கவலைப்பட்டார். சனம் சிரித்தது. ஆனால் தங்கள் மகனுக்குச் சூட் எடுக்கப் போகும்போது அதே சனம்தான் மாமாவின் கதவைத் தட்டியது. 'துரை' என்பதில் பாதி நக்கல், பாதி மரியாதை. அந்தப் பாதி மரியாதைதான் மாமாவின் சொத்து.

பன்னிரண்டு வயதில் நான் பெரியபிள்ளையானேன். அம்மா கண்ணைத் துடைத்துவிட்டுத் திட்டம் போடத் தொடங்கினா. "உவ்வளவு சனமும் பாக்க ராசாத்தி மாதிரிக் கொண்டுவந்து இறக்கிறன். பேந்து ஆர் சத்தியைப் பற்றிக் கதைக்கினம் எண்டு பாப்பம்." பெரிய மண்டபம், நாலு பொடியள் தூக்குகிற பூப்பல்லக்கு, காலடியில் வெள்ளைப் புகை, வீடியோக்காரர் இரண்டு பேர். ஒரு சிறுமியின் உடம்பில் நடந்ததை அட்டை அடித்து நானூறு பேருக்கு அறிவிப்பதில் எங்களில் யாருக்கும் வெட்கமில்லை. வெட்கப்படவேண்டியவள் நான் ஒருத்திதான், அதுவும் பல்லக்கில் இருந்து வடிவாக வெட்கப்படவேண்டும். அம்மாவைக் குறை சொல்லவில்லை. அந்தப் பட்டம் எனக்கு நொந்ததைவிட அவவுக்குக் கூட நொந்தது.

எனக்கு நித்திரை போய்விட்டது. புகைக்கு நடுவே, பட்டுச்சேலையில், நானூறு பேருக்கு முன்னால், வீடியோவுக்குள் சத்தி எடுக்கப்போகிறேன். பேச்சுப்போட்டிக்காவது வீடியோ இருக்கவில்லை. இது என் கலியாணத்திலும் போட்டுக் காட்டப்படும்.

எங்கள் கட்டடத்தில் எலிவேற்றர் வேலைசெய்கிற நாளைவிட வேலைசெய்யாத நாள் அதிகம். அப்படியொரு நாள் மாமாவுக்குச் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டு படியேறிக்கொண்டிருந்தேன். அவர் வேலையால் வந்து, பின்னால் ஏறி வந்தார். என்னவென்று கேட்டார். அவ்வளவுதான், படியில் குந்தி அழத் தொடங்கிவிட்டேன். "ஐ கான்ற், மாமா. எல்லாரும் என்னைப் பாப்பினம். பாத்தால் எனக்குச் சத்தி வரும்."

மாமா லேஞ்சியை விரித்துப் படியில் போட்டு அதன்மேல் இருந்தார். "பாக்காட்டி வராதோ?"

"வராது."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "பாக்காதேங்கோ எண்டு சனத்துக்குச் சொல்லேலாது, பிள்ளை. கண் எண்டா எங்கையாவது பாக்கத்தான் செய்யும்." பிறகு என் கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு, "பாப்பம்" என்று மட்டும் சொல்லி மேலே போனார். எனக்குப் பெரிய ஏமாற்றம். பெரியவர்கள் ஒன்றும் செய்யப்போவதில்லை என்றால் சொல்கிற சொல் அதுதான் என்று எனக்கு அப்போதே தெரியும்.

சடங்கு நாள் வந்தது. எங்கள் சடங்கில் யார் பிந்தினாலும் தாய்மாமன் பிந்தக்கூடாது. அவர்தான் பல்லக்குக்கு முன்னால் நடக்கவேண்டும், அவர்தான் தேங்காய் உடைக்கவேண்டும், அவர்தான் முதலில் என் தலையில் பாலும் அறுகும் வைக்கவேண்டும். அந்த இடத்தில் வேறு ஆளை நிறுத்த முடியாது. ஒரு நாளும் பிந்தாத மாமாவை அன்றைக்கென்று காணவில்லை. பல்லக்கு மண்டபக் கதவுக்கு வெளியே நின்றது. நான் அதற்குள் இருந்தேன். புகை மெசின் சீறத் தொடங்கியிருந்தது. உள்ளே நாதஸ்வரத்தையும் மீறிச் சனத்தின் இரைச்சல் கேட்டது. என் வாய்க்குள் அந்தப் புளித்த தண்ணீர் ஊறத் தொடங்கியது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று அப்பா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மாமா வந்தார்.

முழங்கால்வரை தொங்குகிற ஊதா வெல்வெற் கோட்டு. மஞ்சள் வெயிஸ்கோட்டு. தலையில் ஒரு முழ உயரக் கறுத்த தொப்பி, அதில் மயிலிறகு. வெள்ளைக் கையுறை, வெள்ளிப் பிடி வைத்த கைத்தடி, கழுத்தில் வாழைப்பொத்தி அளவில் ஒரு சிவப்புப் போ டை. பல்லக்குத் தூக்க நின்ற பொடியன் ஒருவன் பிடியை விட்டுவிட்டான்.

அம்மா ஓடிவந்து கோட்டுக் கையைப் பிடித்தா. "உனக்கென்ன விசரே? உதைக் கழட்டிப்போட்டு வேட்டியைக் கட்டு."

"வேட்டி வீட்டை கிடக்கு, அக்கா. நேரம் போகுது." சொல்லிக்கொண்டே பல்லக்குக்கு முன்னால் போய் நின்றார். அம்மா ஐயரைப் பார்த்தா, அப்பாவைப் பார்த்தா, மணிக்கூட்டைப் பார்த்தா. தாய்மாமனை மாற்றவும் முடியாது, நல்ல நேரத்தை நிறுத்தவும் முடியாது. கதவைத் திறக்கச் சொன்னா.

மண்டபம் முழுவதும் ஒரே சிரிப்பு. மாமா புகைக்குள்ளால் நடந்தார்; இந்தப் பக்கம் தொப்பியைத் தூக்கி ஒரு வணக்கம், அந்தப் பக்கம் ஒரு வணக்கம், நடுவில் கைத்தடியை ஒரு சுழற்று. நானூறு பேரும் கதிரையை விட்டு எழும்பி அவரைப் பார்த்தார்கள். வீடியோக்காரர் இரண்டு பேரும் அவருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தார்கள். நாதஸ்வரக்காரருக்கே சிரிப்பில் ஒரு அடி தப்பிவிட்டது. பல்லக்கில் ஒரு பிள்ளை வந்துகொண்டிருக்கிறது என்பதே ஒருவருக்கும் நினைவில்லை. நான் மட்டும் மேலே இருந்து அவர்கள் எல்லோரையும் ஆறுதலாகப் பார்த்துக்கொண்டு போனேன். வயிறு எங்கே என்றே தெரியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தேன்.

மேடையில் கையுறையைக் கழற்றிவிட்டு, மாமா மிகவும் பவ்வியமாகத் தேங்காய் உடைத்தார். பாலும் அறுகும் வைக்க என் தலைக்கு மேலே குனிந்தபோது, அவருடைய கொலருக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கொக்கி மினுங்கியது.

"மாமா, உது கொழுவுற போ டை" என்றேன் மெதுவாக.

"கையைக் கூப்பிக் கும்பிடு, பிள்ளை" என்றார் அதைவிட மெதுவாக. பால் என் மூக்கில் வழிந்தது. பெண்கள் சோடி சோடியாக வந்து ஆலாத்தி எடுத்து முடியும்வரை மேடையை விட்டு இறங்காமல், மயிலிறகோடு என் பக்கத்திலேயே நின்றார்.

சாப்பாட்டு மேசைகளில் வேறு கதை இல்லை. "துரைக்கு முத்திப்போச்சு" என்றார்கள். "சேர்க்கஸ் வந்திருக்கு, பாத்தனீங்களோ" என்றார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் சுண்டல் வரிசையில் நின்றபோது பின்னால் ஒரு புதுக் குரல்: "உவ ஆர்?" பழைய அன்ரியின் பதில் வந்தது: "உங்களுக்குத் தெரியாதே? அந்தச் சேர்க்கஸ்காரன்ரை மருமகள்." அதற்குப் பிறகு சத்தியைப் பற்றி ஒருவரும் கதைத்ததாக எனக்கு நினைவில்லை. கையில் சுண்டலோடு, இரண்டு வருடத்துக்குப் பிறகு முதன்முதலாக நிமிர்ந்து நின்றேன்.

மாமா திங்கட்கிழமையே சாம்பல் சூட்டுக்குத் திரும்பிவிட்டார். ஆனால் சனம் திரும்பவில்லை. எந்த மண்டபத்துக்குப் போனாலும் "தொப்பி எங்கை, அண்ணை?" என்று கேட்டார்கள். சூட் எடுக்க யோசனை கேட்டு அவர் கதவைத் தட்ட அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. 'துரை' என்ற பெயர் செத்துப்போனது. வீடியோ முழுக்க மாமாதான் என்று அம்மா கனகாலம் அவருடன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் என்னிடம் கொடுத்தனுப்பினா.

நான் இப்போது ஒரு உயர்பள்ளியில் கணிதம் படிப்பிக்கிறேன். ஒரு வகுப்புப் பிள்ளைகள் முழுவதும் நிமிர்ந்து என்னைப் பார்க்கும்போது, அந்த மனிதரை நினைக்காமல் நான் சோக்கட்டியைக் கையில் எடுப்பதில்லை. மாமா பிக்கரிங்கில், எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிறார். குப்பை வாளியைத் தெருவுக்குத் தள்ளுவதென்றாலும் போ டை கட்டிக்கொண்டுதான் தள்ளுவார். அந்த ஊதாக் கோட்டு ஹாலோவீனுக்கு உடுப்பு வாடகைக்குக் கொடுக்கிற கடையில் எடுத்தது என்பதைச் சமீபத்தில்தான் சொன்னார், நாறியது என்றும் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "அண்டைக்கு எனக்கு விசர்" என்றார். நன்றி சொல்ல வாயெடுத்தால், "உன்ரை கொலர் ஒரு பக்கம் மடிஞ்சிருக்கு, பிள்ளை" என்று கையை நீட்டுவார். நானும் கொலரைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

நானூறு பேரில் அந்தக் கொக்கியைக் கண்டவள் நான் ஒருத்திதான். அன்று எனக்குத் தோன்றியதெல்லாம் இதுதான்: பாவம் மாமா, பிந்தி வந்ததால் கையால் கட்ட நேரம் கிடைக்கவில்லை.