கரண்ட் போன நேரம்

என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் சமையலைப் பற்றி அப்பா வாயே திறக்கவில்லை. விவரமானவர். "பொண்ணு மிருதங்கம் வாசிக்குமுங்க" என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் மகிழ்ந்துபோய்த் தலையாட்டினார்கள். கல்யாணமாகிச் சோமனூர்ப் பக்கம் வந்த கையோடு மிருதங்கத்தை உறை போட்டுப் பரணில் ஏற்றினார்கள். என் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும்வரை அது இறங்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் மட்டும், "எங்க மருமக மிருதங்கமெல்லாம் வாசிப்பாளுங்க" என்று மேலே கை காட்டுவார். வந்தவர்களும் பரணைப் பார்த்து, "அப்படிங்களா" என்று வியந்துவிட்டுக் காப்பி குடிப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். பிள்ளையார் கோயில் மார்கழி பஜனைக்கு மிருதங்கத்துக்கு ஆள் இல்லை என்று அடுத்த வீதிப் பெண்கள் வந்து கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். மறந்த தாளச் சொற்கள் திரும்ப வந்துவிடும், விரல் வலியும் பழகிவிடும். லயம் போயிருந்தால் என்ன செய்வது? நான் முன்னால் ஓட, பாடுகிறவர்கள் பின்னால் மூச்சிரைக்க வர வேண்டியதுதான்.

கோயம்புத்தூருக்குக் கொடுத்தனுப்பித் தோல் மாற்றி வாங்கினேன். நாதம் கனமாக வர இடது பக்கத் தோலில் அப்புவதற்காக ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தபோது மாமியார் வந்தார்.

"ஏங்கண்ணு, இப்பத்தான இட்லி தின்னோம். ஆருக்கு உப்புமா?"

"மிருதங்கத்துக்குங்க அத்தை."

"அதும் திங்குதா" என்றவர், ரவை டப்பாவை எனக்கு எட்டாத அலமாரித் தட்டில் எடுத்து வைத்தார்.

வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டி எங்கள் தறிக்கூடம். விசைத்தறிச் சத்தத்தில் அந்த வீட்டில் பாசத்தைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். எனக்கு அதுவும் வசதி. தப்பாக வாசித்தாலும் யார் காதிலும் விழாது. அந்தச் சுவரோரமே உட்கார்ந்து, தத் தித் தொம் நம் என்று சின்னப் பிள்ளைப் பாடத்திலிருந்து தொடங்கினேன். முதல் வாரம் விரலெல்லாம் வீங்கியது. கார்த்திகையில் லயம் அசையாமல் நின்றது. இத்தனை வருஷம் பரணில் கிடந்தும் ஒரு பிசிறு இல்லையே, இது பிறவி ஞானமாகத்தான் இருக்க வேண்டும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்படி மெச்சிக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில் கரண்ட் போனது. தறிகள் நின்றன. என் கை கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய், பிறகு கட்டவிழ்த்த கன்றாக ஓடத் தொடங்கியது. பிடித்து நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. இத்தனை நாளும் தாளம் போட்டது சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய தறி. நான் அதன் கூடவே போயிருக்கிறேன், அவ்வளவுதான். பிறவி ஞானம் என்னுடையதல்ல, மின்சார வாரியத்துடையது. அழுகை வந்துவிட்டது.

தலையெல்லாம் பஞ்சோடு கணவர் உள்ளே வந்தார்.

"ஏன் நிறுத்திப்போட்டே?"

"கரண்டு போயிருச்சுங்க."

"மிருதங்கத்துக்குமா?"

கிண்டல் இல்லை, அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. எனக்குச் சுருக்கென்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதல் பாடத்திலிருந்து மெதுவாகத் தொடங்கினேன். கை ஓடியது. நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். திரும்பவும் ஓடியது. வேறு சத்தமே இல்லாத வீட்டில் என் தப்பெல்லாம் கணீரென்று கேட்டது. மாமியார் நிலைப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டார். பார்த்தால் பார்க்கட்டும் என்று வாசித்தேன். வெகுநேரம் கழித்துக் கை ஒரு நடைக்கு வந்து, அதிலேயே நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. கணவர் தறிக்கூடத்துக்குப் போய்த் தறியை ஓட்டினார். என் கை அதன் பின்னால் போகவில்லை. சுவரோரத் தறிதான் அவசரப்பட்டு ஓடியது. எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஏனுங்க, அதைக் கொஞ்சம் நிறுத்திப்போடுங்க" என்று கத்தினேன்.

அந்த வீட்டில் அப்படிச் சொன்ன முதல் ஆள் நான்தான். அவர் தறியை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை.